மலையைப் பெண் பார்க்கப் போகிறார்கள்

எங்கள் ஊர்ப் பெருமாளுக்கு நாளும் கல்யாணம். காலவ மகரிஷிக்கு 360 பெண்கள். நாளைக்கு ஒருத்தியாக வந்து கைப்பிடித்த வராகப் பெருமாள், கடைசி நாளன்று அத்தனை பேரையும் ஒரே தாயாராக்கித் தம் இடப்பக்கம் அமர்த்திக்கொண்டாராம். திரு இடவெந்தை, வாய்வழக்கில் திருவிடந்தை. வரன் தகையாதவர்கள் இங்கே வந்து மாலை வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டு கோயிலை ஒன்பது முறை சுற்றுவார்கள். கல்யாணம் முடிந்ததும் அந்தக் காய்ந்த மாலையை எடுத்துக்கொண்டு ஜோடியாக வருவார்கள். மாலை கட்டுகிறவர்களின் பிழைப்பு இதில்தான் ஓடுகிறது.

பெருமாளைப் பார்த்து ஏக்கம் வந்ததோ என்னவோ, ஒரு கட்டத்தில் ஊர் நிலத்துக்கும் கல்யாண யோகம் பிறந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலை வந்தது, 2002இல் சுங்கச்சாவடி வந்தது, பின்னாலேயே மாப்பிள்ளைகள் வந்தார்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் முகூர்த்தம், கைரேகைதான் தாலி, புரோக்கர்தான் புரோகிதர். ஒரே ஒரு வித்தியாசம். பெருமாள் 360 பேரைக் கட்டினாலும் ஒருத்தியையும் கைவிடவில்லை. நம் மாப்பிள்ளைகள் ரேட் ஏறியதும் அடுத்த மாப்பிள்ளைக்குக் கைமாற்றிவிட்டுப் போனார்கள்.

2018 ஏப்ரலில் எங்கள் ஊரில் ராணுவத் தளவாடக் கண்காட்சி நடந்தது. பீரங்கி வந்தது, டாங்கி வந்தது, பிரதமர் வந்தார், நான்கு நாள் புழுதி பறந்தது. அத்தனை ஆயுதம் வந்துபோனபோதும் ஊரில் ஒரு சென்ட் நிலம் எதிரி கைக்குப் போகவில்லை. அந்த வேலையை அதற்கு முன்பே முத்திரைத்தாள் முடித்துவிட்டிருந்தது.

இதெல்லாம் பழங்கதை. புதுக்கதை போன மாதம் டீக்கடையில் ஆரம்பித்தது.

கடற்கரையோரம் வீடு கட்டியிருக்கிற ஒருவர். பேர் வேண்டாம், அவரைப் போல இந்தச் சாலையில் கல்லெறிந்தால் நாலு பேர் மேல் விழும். காரை ஓரங்கட்டி, சர்க்கரை இல்லாத டீ சொல்லி, அதில் பாதியைக் குடித்துவிட்டு என்னிடம் சொன்னார்: “சார், கடல் போரடிச்சிடுச்சு.”

கடல் அவருக்குப் போரடித்த காரணங்களைக் கேளுங்கள். உப்புக்காற்றில் ஏசி துருப்பிடிக்கிறது. புழுக்கம். சனி, ஞாயிறு வந்தால் ரோட்டில் வண்டி நகர்வதில்லை. “ஈசிஆர் முன்ன மாதிரி இல்ல சார். எவனெவனோ வந்துட்டான்.” இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கடுகளவு கூச்சம் இருக்கிறதா என்று உற்றுப் பார்த்தேன். இல்லை. அந்த எவனெவனோ பட்டியலில் முதல் பத்துப் பேருக்குள் தானும் உண்டு என்பது அவருக்கு உறைக்கவே இல்லை. அவர் மதில் எழுப்பிய இடத்தில் முன்பு சவுக்குத் தோப்பு இருந்தது. தோப்புக்கு நடுவே கடலுக்குப் போகிற ஒற்றையடிப் பாதை இருந்தது. கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு மீன்காரப் பெண்கள் வருகிற பாதை. இப்போது அங்கே ‘நாய் ஜாக்கிரதை’ பலகை தொங்குகிறது.

“அதனால மலைக்குப் போயிடலாம்னு இருக்கோம். சின்னதா ஒரு ஹில் கம்யூனிட்டி பார்த்துட்டிருக்கோம்.”

கம்யூனிட்டி! எங்கள் பக்கத்தில் கம்யூனிட்டி என்றால் சர்டிபிகேட்டில் இருப்பது. தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடந்து வாங்குவது. மலையில் இருப்பவர்களுக்கு அதுவும் சுலபத்தில் கிடைப்பதில்லை. சேலம் மாவட்டத்து மலைவாழ் மலையாளி பட்டியல் பழங்குடி. அதே மலையாளி ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையில் பிறந்திருந்தால், பட்டியலில் அந்த மாவட்டத்தின் பேர் இல்லாததால் பழங்குடி இல்லை. பல பத்தாண்டுகளாக மனுக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். மலையில் பிறந்தவனுக்குக் கம்யூனிட்டி கிடைக்கவில்லை; இவருக்கு அலைபேசியில் விரலைத் தள்ளினால் மூன்று கம்யூனிட்டி கிடைக்கிறது, கிளப் ஹவுசோடு.

அவர் அலைபேசியை நீட்டினார். ஒரு அட்டவணை. கோத்தகிரி, குன்னூர், ஏற்காடு, ஏலகிரி, கொடைக்கானலைத் தாண்டிப் பூம்பாறை, மன்னவனூர். ஒவ்வொன்றுக்கும் எதிரே மதிப்பெண். உயரம் எவ்வளவு, பனி எத்தனை மணிக்கு இறங்கும், தண்ணீர் உண்டா, பேச்சு எப்படி, பழக்கவழக்கம் எப்படி, அக்கம்பக்கம் எப்படி. படிக்கப் படிக்க எனக்கு எங்கேயோ பார்த்த சாயல். பிறகு பிடிபட்டது. இது பெண் பார்க்கிற பட்டியல்! உயரம் கேட்டாயிற்று, நிறம் கேட்டாயிற்று, பாடத் தெரியுமா என்பதற்குப் பதில் ஓடை சலசலக்குமா என்று கேட்டாயிற்று. ஜாதகத்துக்குப் பதில் வில்லங்கச் சான்று. போகிற வீட்டில் பஜ்ஜி, சொஜ்ஜி. போகிற மலையில் ஹோம்ஸ்டேக்காரர் தருகிற மிளகாய் பஜ்ஜி. சாப்பிட்டுவிட்டு “ஊருக்குப் போய்த் தகவல் சொல்றோம்” என்று கிளம்புவதும் அப்படியே.

பெண்ணைக் கூப்பிட்டு “உனக்கு இவரைப் பிடிச்சிருக்கா?” என்று கேட்கிற பழக்கம் நம் வீடுகளுக்கு வந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது. மலைக் கிராமத்தைக் கூப்பிட்டுக் கேட்கிற பழக்கம் இன்னும் வரவில்லை. அட்டவணையில் இருபது கட்டம் இருந்தது. ‘அவர்களுக்கு நம்மைப் பிடிக்குமா’ என்று ஒரு கட்டம் இல்லை.

கேட்கிற ஊர்களும் உலகத்தில் இருக்கின்றன. சுவிட்சர்லாந்தில் பணக்காரர்கள் வந்து வந்து வீடு கட்டி, வருஷத்தில் முக்கால்வாசி நாள் ஜன்னல் சாத்தியே கிடந்த கிராமங்களைப் பார்த்து ஜனங்களுக்கு அலுத்துப்போய், 2012 மார்ச்சில் ஓட்டுப் போட்டார்கள்: ஒரு ஊரில் இரண்டாம் வீடுகள் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அவ்வளவு தூரம் போக வேண்டாம். இமாச்சலப் பிரதேசத்தில் 1972ஆம் வருஷத்து நிலச் சட்டத்தின் 118ஆவது பிரிவு, விவசாயி அல்லாத ஆள் அரசு அனுமதி இல்லாமல் விளைநிலம் வாங்க முடியாதபடி கதவைச் சாத்தி வைத்திருக்கிறது. நம் ஊரில் என்ன இருக்கிறது? அரசமைப்புச் சட்டத்தின் ஐந்தாவது அட்டவணை பழங்குடிப் பகுதிகளின் நிலத்துக்குக் காவல் போடுகிறது. அந்த அட்டவணையில் தமிழ்நாட்டின் ஒரு மலைகூட இல்லை. 2006ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டம் கிராம சபையைக் கேள் என்கிறது. கிராம சபையா? மாப்பிள்ளை வீட்டார் அந்த நேரத்தில் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

முதல் மாப்பிள்ளை யார் தெரியுமா? ஜான் சல்லிவன். கோயம்புத்தூர் கலெக்டர். 1819இல் நீலகிரி ஏறினார். பிறகு உதகையில் கல்வீடு கட்டினார். தோடர்களிடம் ஏக்கர் ஒரு ரூபாய்க்கு நிலம் வாங்கினார் என்று சொல்வார்கள். ஆனால் நியாயத்தைச் சொல்லியாக வேண்டும். அந்த நிலத்தின் உரிமை தோடர்களுடையது என்று கம்பெனிக்காரர்களோடு வாதாடி மல்லுக்கட்டியவரும் அந்த வெள்ளைக்காரர்தான். நம் பார்ட்டிகளிடம் அந்த அளவுக்கு மனசாட்சியை எதிர்பார்க்காதீர்கள். அவர்கள் பேரம் பேசுவார்கள், ‘லோக்கல் ஆள்தானே, குறைச்சுக் குடுப்பான்’ என்பார்கள்.

நான் கேட்டேன்: “டூர் மாதிரி போய்ட்டு வந்தா பத்தாதா சார்?”

சிரித்தார். உயர் நீதிமன்றம் சொன்னபடி ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே முதல் இ-பாஸ். 2025 ஏப்ரலில் எண்ணிக்கைக்கும் வரம்பு வந்தது. ஊட்டிக்கு வாரநாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. மலை மூச்சு முட்டுகிறது என்று நீதிமன்றம் போட்ட உத்தரவு அது. அதைப் படித்ததும் நம்மவருக்கு ஞானோதயம். “டூரிஸ்டுக்குத்தானே சார் பாஸ்? நம்ம லோக்கல் ஆயிட்டா?” ஆக, வீட்டில் இடம் இல்லை என்று சொன்னால், நான் விருந்தாளி இல்லை, இந்த வீட்டு மாப்பிள்ளை என்று பாயை விரித்துக்கொள்வது.

அட்டவணையில் நட்சத்திரக் குறி போட்ட நிபந்தனைகள் சில. அவற்றைத்தான் என்னால் சிரித்துக்கொண்டு கேட்க முடியவில்லை.

முதலாவது, ரோடு ஊருக்குள் வரக் கூடாது. வண்டிச் சத்தம் ஆகாதாம். கடைசி அரைக் கிலோமீட்டர் நடந்து போவது உடம்புக்கு நல்லதாம். வேலூர் மாவட்டம் அணைக்கட்டுப் பக்கம் அல்லேரி மலை என்று ஒன்று இருக்கிறது. அன்றைக்கு, அவர் கேட்டபடியே ரோடு இல்லாமல் இருந்த இடம். 2023 மே மாதம் அங்கே ஒன்றரை வயதுப் பெண் குழந்தையைப் பாம்பு கடித்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்ப்பதற்குள் உயிர் போய்விட்டது. பிரேதப் பரிசோதனை முடித்துக் கொண்டுவந்த ஆம்புலன்ஸ், பாதை முடிகிற இடத்தில் இறக்கிவிட்டுத் திரும்பியது. அங்கிருந்து பெற்றவள் பிள்ளையின் உடலைச் சுமந்துகொண்டு மலையேறினாள். உடம்புக்கு நல்ல நடை, சார்?

இரண்டாவது, டவர் கிடைக்கக் கூடாது. போன் தொல்லை இல்லாமல் மனசு அடங்க வேண்டுமாம். மூணாறுக்குப் பக்கத்தில் பெட்டிமுடி. 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மலை சரிந்து தேயிலைத் தொழிலாளர்களின் லயத்து வீடுகள் மேல் விழுந்தது. தொடர்பு அறுந்து கிடந்ததால் செய்தி வெளியே தெரிய விடிந்துவிட்டது. 70 பேர். பெரும்பாலும் நம் தெற்கத்திச் சீமையிலிருந்து கொழுந்து பறிக்கப் போன குடும்பங்கள். அவர்களுக்கும் மனசு அடங்கிவிட்டது.

யானை வேறு தெரிய வேண்டுமாம், பால்கனியிலிருந்து. மசினகுடியில் 2021 ஜனவரியில் ஒரு யானை விடுதிப் பக்கம் வந்தது, நெருப்பை வீசினார்கள், காதில் தீ பற்ற ஓடி, பின்னால் செத்தது. யானையின் தடத்தில் வீட்டைக் கட்டிக்கொண்டு, யானை வீட்டுக்கு வருகிறது என்று புகார் சொல்கிற கூட்டம் இது. சீகூர் யானை வழித்தடத்தில் விடுதி நடத்தியவர்கள் உச்ச நீதிமன்றம் வரை போய் வாதாடினார்கள். 2020 அக்டோபரில் நீதிமன்றம் யானை பக்கம் தீர்ப்புச் சொல்லவேண்டி வந்தது. யானைக்கு வக்கீல் வைத்து வழி வாங்கித் தருகிற நாடு.

மலையில் ஒரு மாடி கூடுதலாக ஏறினால் சமவெளியில் என்ன நடக்கும் என்பதற்கும் நமக்கு ஒரு தேதி உண்டு. கொடைக்கானலில் ஒரு ஹோட்டலுக்கு விதியை வளைத்து ஏழு மாடிக்கு அனுமதி தந்த வழக்கு. 2000 பிப்ரவரி 2 அன்று அதில் முன்னாள் முதல்வர் ஒருவருக்குத் தண்டனை என்று தீர்ப்பு வந்தது. அன்றைக்கே தர்மபுரியில் அவருடைய கட்சிக்காரர்கள் ஒரு பஸ்ஸைக் கொளுத்தினார்கள். கோவை வேளாண் பல்கலைக்கழகத்து மாணவிகள் மூன்று பேர் உள்ளேயே எரிந்தார்கள். அடுத்த வருஷம் மேல்முறையீட்டில் அவருக்கு விடுதலை. மாணவிகளுக்கு மேல்முறையீடு இல்லை.

இப்போது கடைசி நிபந்தனை. “ஜனங்க நல்லவங்களா இருக்கணும் சார். சின்ன ஊர், நாலு தலைமுறையா அங்கேயே இருக்கறவங்க. அந்த மாதிரி ஆளுங்களோட வாழணும்.”

நாலு தலைமுறையாக மலையில் இருந்தவர்களா? இருந்தார்களே. மாஞ்சோலையில்.

திருநெல்வேலி மாவட்டத்தில், தாமிரபரணிக்கு மேலே. 1929இல் சிங்கம்பட்டி ஜமீன் 8,373 ஏக்கர் காட்டை பாம்பே பர்மா கம்பெனிக்கு 99 வருஷக் குத்தகைக்கு விட்டது. கீழேயிருந்து ஜனங்களைக் கொண்டுபோய்க் காட்டை அழித்துத் தேயிலை வைத்தார்கள். மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி. அட்டைப்பூச்சிக்குக் காலைக் கொடுத்து, மழைக்கு முதுகைக் கொடுத்து, லயத்தில் பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளைகளும் அதே லயத்தில் பிள்ளை பெற்று வளர்ந்த ஊர்கள். ஒரு சென்ட் நிலம் அவர்கள் பேரில் கிடையாது. 1999இல் கூலியைக் கூட்டிக் கேட்டார்கள். ஜூலை 23 அன்று அவர்களுக்காக நெல்லையில் கலெக்டர் ஆபீசுக்குப் போன ஊர்வலத்தைப் போலீஸ் அடித்து விரட்டியது. ஓட இடமில்லாமல் தாமிரபரணிக்குள் இறங்கினார்கள். 17 பேர் பிணமாக மிதந்தார்கள். அதில் ஒன்று கைக்குழந்தை. கூலி உயர்வு கேட்ட குழந்தை.

குத்தகை 2028இல் முடிகிறது. அதற்கு முன்பே, 2024 ஜூனில், கம்பெனி கணக்கை முடித்துக்கொண்டது. தொழிலாளர்களுக்கு ‘விருப்ப ஓய்வு’. யாருடைய விருப்பம் என்று படிவத்தில் கேட்கவில்லை. தோட்டத்தை அரசின் தேயிலைக் கழகமான டேன்டீ எடுத்து நடத்தட்டும் என்று கோர்ட்டுக்குப் போனார்கள். அந்த வருஷம் டிசம்பரில் உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. புலிகள் காப்பகம், காடு மறுபடி காடாக வேண்டும் என்கிறார்கள். காடு காடாகட்டும், அதில் எனக்குச் சண்டை கிடையாது. என் சண்டை வேறு. மலையில் பிறந்தவன் இறங்கு என்றால் இறங்க வேண்டும், மலையைப் பார்த்தே இராதவன் ஏறுகிறேன் என்றால் ஏறலாம், இதற்கு எந்த ஊரில் நியாயம் என்று பேர்?

எங்கள் கடற்கரையிலும் இதே கணக்குத்தான் நடந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, கடலுக்கு 200 மீட்டருக்குள் இருந்த மீனவர்களிடம், அரசின் புது வீடு வேண்டுமானால் உள்ளே தள்ளிப் போக வேண்டும் என்றார்கள். கடல் ஆபத்தாம். சரி. அந்த ஆபத்துக்கு எதிரே அகலமான கண்ணாடி வைத்து, நீச்சல்குளம் வெட்டி, ‘சீ வியூ’ என்று பேர் வைத்து வாடகைக்கு விட்டவர்களிடம் கடல் ஒப்பந்தம் போட்டிருக்கிறதா? மீனவனுக்கு ஆபத்து, முதலாளிக்கு வியூ. தொழிலாளிக்குப் புலி, வில்லாக்காரருக்கு வைல்ட் லைப். அலை ஒன்றுதான். புலியும் ஒன்றுதான்.

இவர்கள் வந்தால் தண்ணீர் என்ன ஆகும் என்றும் எங்களைக் கேளுங்கள். எங்கள் பக்கத்து நெம்மேலியில் கடலைக் காய்ச்சாத குறையாகக் குடிநீர் எடுக்கிறார்கள். 2013இல் நாளுக்கு 10 கோடி லிட்டருக்கு ஒரு ஆலை. பத்தாமல் 2024இல் 15 கோடி லிட்டருக்கு இன்னொன்று. சென்னையின் தாகம் அவ்வளவு. கடலோரத்தில் கிணறு கெட்டால் கடலையாவது இறைக்கலாம். பூம்பாறையில் ஓடை வற்றினால் எதை இறைப்பார்கள்? மேகத்தையா?

இந்த நேரத்தில் எதிர் வரிசையில் மாலை விற்கிற அம்மா டீ வாங்க வந்தார். நாங்கள் பேசியதைக் காதில் வாங்கியிருக்க வேண்டும்.

“இன்னா சார், வூட்டை வித்துட்டுப் போறீங்களா?”

“ஆமாம்மா. மலைக்கு.”

“யாருக்கு வித்தீங்க?”

“ஒரு கம்பெனிக்கு. ரிசார்ட் கட்டறாங்க.”

அந்த அம்மா கொஞ்ச நேரம் டீயை ஆற்றினார். “போறதுதான் போறீங்க, அந்த மதிலை இடிச்சு வழிய வுட்டுட்டுப் போங்க சார். சுத்திக்கினு போயி முட்டி தேயுது.”

நம்மவர் சிரித்துக்கொண்டே காரில் ஏறினார். அதை ஜோக் என்று நினைத்துவிட்டார். மதில் விற்பனைப் பத்திரத்தில் இருக்கிறதாம், தனியாக மதிப்புப் போட்டு.

கல்யாணம் முடிந்தவர்கள் காய்ந்த மாலையைக் கொண்டுவந்து பெருமாளிடம் கணக்குத் தீர்த்துவிட்டுப் போகிற ஊர் இது. இருபது வருஷம் இங்கே குடித்தனம் நடத்திய இவர், ஒரு மாலைகூட வைக்காமல் அடுத்த பெண்ணைப் பார்க்கப் போகிறார். அவருக்குப் பின்னால் அட்டவணையும் கையுமாக இன்னும் பல கார்கள் வரிசையில் நிற்கின்றன. சாலை இல்லாத ஊருக்கு அவர்கள் போன ஆறாம் மாதம் சாலை வரும், கவலைப்படாதீர்கள். ஒன்றரை வயதுக் குழந்தைக்கு வராத சாலை, அவருடைய கார் அடி தட்டுகிறது என்று மனுப் போட்டால் வரும். டவரும் வரும். அப்புறம் ஒரு நாள் டீக்கடையில், “மலை முன்ன மாதிரி இல்ல சார், எவனெவனோ வந்துட்டான்” என்று சொல்வார். அடுத்தது பாலைவனமோ, நிலாவோ.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பூம்பாறைக்குப் போகிறார்கள் என்று கேள்வி. வெள்ளை நிறக் கார், இரண்டு குடும்பம், ஒரு புரோக்கர். பூம்பாறைக்காரர்களே, மன்னவனூர்க்காரர்களே, உங்கள் பூண்டுக் கொல்லையை ஓரமாய் நின்று பார்த்து, அருமை அருமை என்பார்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்பார்கள். ஒரு முறை கடற்கரைப் பக்கம் வந்து எங்கள் மதில்களைப் பார்த்துவிட்டுப் போய்ப் பதில் சொல்லுங்கள். அதுவரைக்கும் பஜ்ஜி போடாதீர்கள்.